டயர் வெட்டியவன் நிற்க வேண்டிய இடம்

1

நாங்கள் ஜெர்மனியில் வந்து இறங்கிய நாளை என் மனைவி செல்வி மறப்பதே இல்லை. ஒவ்வொரு அக்டோபரிலும் அன்றைக்குச் சேமியா பாயசம் வைத்துவிடுவாள். கல்யாண நாளுக்குக்கூட இவ்வளவு கண்டிப்பு கிடையாது. "இதுல கொண்டாட என்னட்டி இருக்கு?" என்று ஆரம்பத்தில் கேட்டுப் பார்த்தேன். "கொண்டாட்டம் ஒண்ணுமில்ல. வந்தாச்சுல்ல, அதுக்குத்தான்" என்றாள். அதற்கு மேல் நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

இந்த வருடமும் பாயசம் வைத்தாள். அந்த வாரம் எங்கள் வீட்டில் யாருக்கும் அது தொண்டையில் இறங்கவில்லை. ஊரிலிருந்து போன் பேசும்போதெல்லாம் "உங்களுக்கு அங்க என்ன கொற?" என்று கேட்கிறீர்கள். பெரிய குறை ஒன்றுமில்லை. வீடு இருக்கிறது, வேலை இருக்கிறது, குழாயில் எந்நேரமும் தண்ணீர் வருகிறது. ஆனால் அந்த வாரத்தில் நடந்ததை யாரிடமாவது சொல்லாமல் இருக்க முடியவில்லை. விஷயம் ஒரு சைக்கிள் டயர்தான்.

என்னைத் தெரியாதவர்களுக்காக: எனக்கு இராஜபாளையம், செல்விக்கு ஸ்ரீவில்லிபுத்தூர், மடவார் வளாகம். மில்லில் பிட்டராக இருந்தவன், நூல் மெஷின் மாட்டிக்கொடுக்கும் வேலைக்கென்று இங்கே வந்தேன். அந்தக் கம்பெனி மூடிய பிறகு பிளாஸ்டிக் டப்பா செய்யும் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. எங்கள் ஊரில் எப்படி மேற்கே மலை நிற்குமோ அப்படி இங்கேயும் வீட்டுக்குப் பின்னால் மலை. நம்முடையது பாதி நாள் காய்ந்து கிடக்கும். இது பாதி நாள் நனைந்து கிடக்கும். அந்த வித்தியாசத்தை நான் ஒழுங்காக மனதில் வைத்திருந்தால் இதை எழுத வேண்டி வந்திருக்காது.

2

எங்களுக்கு ஒரே மகள். செல்வி ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரியாயிற்றே, கோதை என்று பெயர் வைத்தாள். பள்ளிக்கூடத்தில் சேர்த்த பிறகுதான் தெரிந்தது, அந்தப் பெயரை இங்கத்து எழுத்தில் எழுதினால் முதல் மூன்று எழுத்துக்கு ஜெர்மனில் மலம் என்று பொருள். பிள்ளைகள் சும்மா விடுவார்களா? ஒரு வருடம் அழுதுகொண்டே போய் வந்தாள். பிறகு அவளாகவே 'காயா' என்று ஒரு பெயரைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். இங்கே அப்படிப் பெண்கள் இருக்கிறார்கள். அன்றிலிருந்து வெளியே காயா, வீட்டில் கோதை. செல்வி மட்டும் பரீட்சை முடிந்து வரும் நாளில் வாசலிலேயே நின்று, "என்னட்டி, காயா பழமா?" என்பாள். அவளும் சிரித்துவிடுவாள்.

போன வருடம் அவளுக்கு இந்த நாட்டுக் குடியுரிமை கிடைத்தது. நம் பாஸ்போர்ட்டைத் தூதரகத்தில் ஒப்படைக்க வேண்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர் அதன் மூலையை வெட்டி, ரத்து என்று முத்திரை குத்தித் திருப்பிக் கொடுத்தார். அவள் அதை டவுன் பஸ் டிக்கெட்டைப் போல மடித்துப் பையில் போட்டுக்கொண்டாள். நான்தான் ரயிலில் வரும் வழியெல்லாம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன். ஊருக்கு விசா இல்லாமல் போய்வரும் அட்டைக்கு விண்ணப்பித்தோம். போட்டோவில் காது சரியாகத் தெரியவில்லை என்று ஒருமுறை திரும்பி வந்தது. தெரிந்த பிறகு பின்னணி வெள்ளையாக இல்லை என்று இன்னொரு முறை வந்தது. பொங்கலுக்கு அவளைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லி என் தம்பி குரு கேட்டுக்கொண்டே இருக்கிறான். நானும் அந்தக் காதைக் காரணம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

எங்களை விட்டு அவளை இழுத்துக்கொண்டு போன இன்னொன்று சைக்கிள். காட்டுக்குள் மேடும் பள்ளமுமாக ஓட்டும் பந்தயம். ஊர்க் கிளப்பில் சேர்ந்து, பெட்ரா என்ற பயிற்சியாளர் அம்மாவிடம் பழகி, நன்றாகவே ஓட்டினாள். ஆரம்பத்தில் சின்னப் பிள்ளைகள் பந்தயம் ஒன்றுக்குப் போனேன். மற்ற அப்பாமார்கள் காப்பிக் குவளையோடு கூடிக் கூடி நின்று பேசினார்கள். நான் வண்டி நிறுத்துமிடத்தில் ஒரு மரத்தடியில் நின்று எல்லோரையும் பார்த்துச் சிரித்துவிட்டு வந்தேன். அடுத்த முறை ஷிப்ட் இருந்தது. அதற்கடுத்த முறை இடுப்பு வலி இருந்தது. பிறகு காரணமே தேவைப்படவில்லை. அவளும் கேட்பதை நிறுத்திவிட்டாள்.

இந்த அக்டோபர் பந்தயம் மற்றவை போல இல்லை. இதில் முன்னால் வருகிறவர்களை மாநில அணிக்கு எடுப்பார்கள். அவளுடைய வயதுப் பிரிவில் அவளுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. இதற்காக இரண்டு குளிர்காலம் விடாமல் ஓட்டியிருந்தாள்.

3

பந்தயத்துக்கு முந்தின நாள், சனிக்கிழமை மதியம், நான் வேலை முடிந்து வந்தபோது சமையலறைத் தரையில் பழைய பேப்பரை விரித்து உட்கார்ந்திருந்தாள். மடியில் கழற்றிய டயர். கையில் சின்னக் கட்டிங் பிளேயர். டயரின் மேல் வரிசை வரிசையாகப் புடைத்து நிற்கிற ரப்பர் கட்டிகளை ஒன்று விட்டு ஒன்றாக அடியோடு நறுக்கிக்கொண்டிருந்தாள். நம் ஊரில் இதைப் பட்டன் டயர் என்போம். அப்போதுதான் ஆரம்பித்திருந்தாள் போல, பேப்பரில் இரண்டு மூன்று துண்டுதான் கிடந்தது.

"புது டயருங்க. எலி கொறிச்ச மாதிரி பண்ணி வைக்கா. நீங்களாச்சும் என்னன்னு கேளுங்க" என்றாள் செல்வி.

எனக்குக் கை பரபரத்தது. இந்தப் பிள்ளை படிக்கிற பாடம் எனக்குத் தெரியாது. பேசுகிற பாஷை பாதிதான் தெரியும். கேட்கிற பாட்டு சுத்தமாகத் தெரியாது. இத்தனை வருடத்தில் முதல் தடவையாக எனக்குத் தெரிந்த ஒரு வேலையை என் கண் முன்னால் செய்துகொண்டிருக்கிறாள்.

"எதுக்கும்மா ஒண்ணு விட்டு ஒண்ணு எடுக்க?"

"நடுவுல எடம் இருந்தாத்தான்ப்பா அந்த... அது..." அவளுக்குத் தமிழ்ச் சொல் வரவில்லை. விரல்களைச் சேர்த்துப் பிசைந்து காட்டினாள். பேச்சு முழுக்கச் செல்வியின் மடவார் வளாகத்துப் பேச்சுதான். வேண்டிய சொல்தான் வேண்டிய நேரத்தில் கிடைக்காது.

நான் காத்திருக்கவில்லை. "அப்படி இல்லம்மா. பட்டனை முழுசா எடுக்கக் கூடாது. நடு வரிசைய மட்டும் பாதி ஒசரத்துக்குச் சீவணும். அப்பத்தான் சக்கரம் லேசா உருளும், கனமும் கொறையும். ஓரத்துப் பட்டனத் தொடவே கூடாது, அதுதான் வளைவுல பிடிக்கும்."

அவள் டயரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். அப்புறம் பிளேயரை என் பக்கம் நீட்டி, "சரிப்பா. நீங்க பண்ணுங்க" என்றாள்.

பிளேயர் எனக்கு வேண்டாம். அட்டைப்பெட்டி வெட்டும் பிளேடை எடுத்து வந்தேன். ஒரு கிண்ணத்தில் சோப்புத் தண்ணீர். பிளேடைத் தண்ணீரில் முக்கி எடுத்து, தோசையைக் கிளப்புகிற சாய்வில் பட்டனுக்குள் விட்டால் வெண்ணெய் போலப் போகும். அவள் டயரை விரித்துப் பிடித்துக்கொள்ள, நான் சீவச் சீவ, துண்டுகள் பேப்பரில் விழுந்தன. அது முடிந்ததும் அடுத்த சக்கரத்து டயரையும் கழற்றிச் சீவினோம். செல்வி எங்களைத் தாண்டித் தாண்டி சமைத்தாள். "அப்பனும் மகளும் ஒத்துமையா எதக் கெடுக்கீக?" என்று ஒருமுறை கேட்டாள். அவள் குரலில் சந்தோஷம் இருந்தது.

4

சீவிக்கொண்டே பேசினேன். இவ்வளவு நேரம் அவளிடம் நான் பேசியதே இல்லை.

எங்கள் ஊரில் பொங்கலுக்கு இளைஞர் மன்றத்தார் சைக்கிள் ரேஸ் விடுவார்கள். இராஜபாளையத்தில் கிளம்பி, தார் ரோட்டிலேயே ஸ்ரீவில்லிபுத்தூர் போய், மடவார் வளாகம் கோயில் பக்கம் வைத்திருக்கும் தார் டிரம்மைச் சுற்றிக்கொண்டு திரும்பி வர வேண்டும். எல்லோரும் ஒல்லி டயர் போட்ட சாதா சைக்கிளில் வருவார்கள். குருவிடம் இருந்தது தளவாய்புரத்தில் ஒரு தையல் கம்பெனிக்காரர் மகன் ஓட்டிச் சலித்துப் போட்ட கியர் சைக்கிள், பட்டன் டயரோடு. தார் ரோட்டில் அது மாவு மெஷின் மாதிரி கத்தும். மிதிக்க மிதிக்கப் பின்னால் யாரோ பிடித்து இழுப்பது போல இருக்கும். அந்த ரிம்முக்கு ஒல்லி டயர் ஊரில் எந்தக் கடையிலும் இல்லை. அதனால் வெட்டினோம்.

எங்கள் அப்பா பேண்டேஜ் துணி கம்பெனியில் வேலை பார்த்தார். துணிச் சுருளை நறுக்கித் தேய்ந்த பிளேடு வீட்டில் கிடக்கும். அதை வைத்துத்தான் சோப்புத் தண்ணீர் வித்தையைக் கண்டுபிடித்தேன். வெட்டிய துண்டையெல்லாம் மளிகைக் கடைத் தராசில் போட்டுப் பார்த்தால் ஒரு கைப்பிடி உளுந்து அளவுகூட இல்லை. குரு சைக்கிளை ஒற்றைக் கையால் தூக்கிப் பார்த்து, "பாதிக்குப் பாதி கொறைஞ்சிட்டுண்ணே" என்றான். நானும் ஆமாம் என்றேன்.

ஆனால் வெட்ட விடுவதற்கு முன்னால் குரு ஒரு நிபந்தனை போட்டான். "டயர் வெட்டுனவன் திருப்பத்துல நிக்கணும்ணே. வழுக்குனா உன் கண்ணு முன்னாடிதான் நான் விழணும். இல்லாட்டி பிளேட வைக்க விடமாட்டேன்." அதுவே பிறகு எங்களுக்குள் வழக்கமாகிவிட்டது. ரேஸ் உண்டென்றால் விடியும் முன்பே நான் பஸ் ஏறி மடவார் வளாகத்தில் இறங்கி அந்த டிரம் பக்கத்தில் நிற்பேன். குரு தலையைக் குனிந்து வருவான், திருப்பத்தில் நிமிர்ந்து என்னைப் பார்ப்பான். பார்த்த பிறகுதான் சைக்கிளைச் சாய்ப்பான். ஒரு வருடம் இரண்டாவதாக வந்து எவர்சில்வர் வாளி வாங்கினான். அதில்தான் இன்றைக்கும் குளிக்கிறான். அந்தத் திருப்பத்தில் நான் டயரை மட்டும்தான் பார்த்துக்கொண்டு நின்றேன் என்றால், எதிர்வீட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்த செல்வி ஒத்துக்கொள்ள மாட்டாள்.

இதையெல்லாம் கோதை வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள். "அந்த டிரம் இப்பவும் இருக்காப்பா?" என்றாள். எனக்கு ஏனோ சிரிப்பும் அழுகையுமாக வந்தது.

குருவை வீடியோவில் கூப்பிட்டோம். அவன் இப்போது ஒரு பேண்டேஜ் கம்பெனியில் பேக்கிங் பகுதியைப் பார்த்துக்கொள்கிறான். டயரைத் தூக்கிக் காட்டினேன். "ஏயப்பா! மறக்கலையாண்ணே நீ!" என்று கத்தினான். பிறகு பிட்டர் தம்பிக்கே உரிய புத்தியோடு, "தர எப்புடிண்ணே? தாரா, மண்ணா? ஈரம் உண்டுமா?" என்று கேட்டான்.

"காட்டுப் பாததாம்லே. நல்லாத்தான் இருக்கும்" என்றேன்.

பதில் சொல்ல வேண்டியவள் பக்கத்தில்தான் இருந்தாள். அவளிடம் கேட்க எனக்குத் தோன்றவில்லை. அவள் திரையில் தெரிந்த சித்தப்பாவுக்குக் கையாட்டினாள். எங்கள் வீட்டு ஜன்னலுக்கு வெளியே அப்போது தூறிக்கொண்டிருந்தது.

5

ஞாயிறு காலை பெட்ரா அம்மாவின் வண்டி வந்து அவளை ஏற்றிக்கொண்டு போனது. செல்விக்கு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை, அவளும் கிளம்பிவிட்டாள். நான் காப்பி போட்டுக்கொண்டிருந்தபோது சூப்பர்வைசர் போன் செய்தார். ஒருவருக்கு உடம்பு சரியில்லையாம், வர முடியுமா என்றார். 'யா' என்றேன்.

இங்கே வந்த நாளிலிருந்து யார் எது கேட்டாலும் நான் சொல்லும் பதில் அதுதான். 'யா' என்றால் ஆமாம். முடியாது என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். அந்த ஏனுக்குப் பதில் சொல்லுமளவு என்னிடம் ஜெர்மன் இல்லை. அதனால் ஆமாம் ஆமாம் என்றே இத்தனை வருடம் ஓடிவிட்டது. அந்த போன் வராமல் இருந்திருந்தாலும் பந்தயத்துக்குப் போயிருப்பேனா என்றால், போயிருப்பேன் என்று சொல்ல வாய் வரவில்லை. சோறு வடித்து வைத்துவிட்டு டிவி பார்த்திருப்பேன்.

சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்தபோது செல்வி வாசலில் நின்றாள். காயா பழமா கேட்கிற முகம் இல்லை. உள்ளே கோதை சோபாவில் படுத்திருந்தாள். ஒரு கன்னம் சிராய்ந்திருந்தது. இடது மணிக்கட்டில் வெள்ளைக் கட்டு.

"கீழ விழுந்துட்டேன்ப்பா. எலும்புக்கு ஒண்ணுமில்ல" என்றாள்.

"பந்தயம்?"

"முடிச்சேன். பின்னாலதான் வந்தேன்."

"டயர் எப்படிம்மா இருந்துச்சு?" இதைத்தான் கேட்டேன். இன்றைக்கு நினைத்தாலும் என்னையே அறையலாம் போலிருக்கிறது.

"நல்லா இருந்துச்சுப்பா" என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

மருந்துக் கடைக்குப் போனால் கட்டுத் துணி பாக்கெட்டைத் திருப்பி, எங்கே செய்தது என்று பார்க்கிற பழக்கம் எனக்கு உண்டு. கட்டுத் துணி எங்கள் ஊர்த் தொழில், இராஜபாளையத்துக்காரன் எவனுக்கும் அது இருக்கும். அன்றைக்கு மேசையில் கிடந்த மிச்சச் சுருளை நான் திருப்பிப் பார்க்கவில்லை.

6

அவள் கையால் சைக்கிளைத் தள்ள முடியாது என்பதால், செவ்வாய்க்கிழமை கிளப்புக்குப் போய் நான்தான் எடுத்து வந்தேன். ஷெட்டில் மாட்டியிருந்த அந்தச் சைக்கிளைப் பார்த்த உடனேயே எனக்கு விளங்கிவிட்டது. நான் தாழ்த்திச் சீவிய நடு வரிசை தெரியவே இல்லை. பட்டனுக்கும் பட்டனுக்கும் நடுவே சேறு அப்பிக் காய்ந்து, இரண்டு டயரும் ஒரே வழவழப்பாக இருந்தன. ஒரே ஒரு இடத்தில் மட்டும் சுத்தமாக இருந்தது. அவள் ஒன்று விட்டு ஒன்றாக எடுத்திருந்த அந்த இரண்டு மூன்று பட்டன்கள் இருந்த இடம். அங்கே சேறு நிற்காமல் உதிர்ந்திருந்தது.

சகதி. விரலைப் பிசைந்து அவள் தேடியது அந்தச் சொல்லைத்தான். நான் ஒரு நிமிஷம் பொறுத்திருந்தால் போதும்.

பெட்ரா அம்மா என் பக்கத்தில் வந்து நின்றார். எனக்குப் புரிய வேண்டுமென்று நிறுத்தி நிறுத்திப் பேசினார். ஏற்றத்தில் பின் சக்கரம் பிடிக்காமல் சும்மா சுழன்றதாம். கடைசி இறக்கத்தில், ஆட்கள் நின்று பார்க்கிற வளைவில், முன் சக்கரம் வழுக்கிவிட்டதாம். பிறகு சொன்னார்: "என் வண்டியில் வேறு சக்கரங்கள் இருந்தன. எப்போதும் இருக்கும். காலையிலேயே டயரைப் பார்த்துவிட்டு மாற்றச் சொன்னேன். அவள் மறுத்துவிட்டாள். இது என் அப்பா வெட்டியது என்றாள்."

அவர் குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. இத்தனை வருடத்தில் எந்த ஜெர்மன்காரர் பேசியதும் எனக்கு இப்படி ஒரு சொல் விடாமல் புரிந்ததில்லை. 'யா' என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தேன்.

வழியில் குருவுக்குப் போன் போட்டேன். நடந்ததையெல்லாம் சொன்னேன். "சகதிக்கு எதுக்குண்ணே நடுவச் சீவுன? சகதிக்கு எடவெளில்லா வேணும். பிள்ள சரியாத்தான வெட்டிருக்கு" என்றான். பிறகு, என்னைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு, "சரி விடு. நீ பக்கத்துலதான நின்ன? தூக்கி விட்டிருப்பல்லா?" என்று கேட்டான்.

போனில் சிக்னல் இல்லாதது மாதிரி வைத்துவிட்டேன்.

7

மறுநாள்தான் நாங்கள் வந்து இறங்கிய நாள். சாப்பாடு முடிந்து செல்வி பாயசத்தை மூன்று கிண்ணத்தில் ஊற்றி வைத்துவிட்டு, துணி எடுக்க மாடிக்குப் போனாள். கோதை வலது கையால் கரண்டியை விட்டுக் கிளறிக்கொண்டிருந்தாள், சாப்பிடவில்லை. அணிக்கு எடுத்தவர்களின் பெயர்கள் அன்று காலை வந்திருந்தன. அவளுடைய தோழி ஒருத்தி பெயர் இருந்தது.

நான் கேட்டேன். "வேற சக்கரம் இருந்துச்சாமே. ஏம்மா மாத்தல?"

தலையைத் தூக்காமல், "உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்லப்பா" என்றாள்.

"எனக்கு எப்படித் தெரியும்? வீட்டுக்கு வந்து திரும்ப மாட்டி வச்சிருந்தா எனக்குத் தெரியவா போகுது?"

"வீட்டுக்கு வந்து இல்லப்பா." அவள் கரண்டியை வைத்தாள். "அங்க. ரேஸ்ல. நீங்க நிப்பீங்கல்ல, பாக்கையில வேற டயரு இருந்தா..."

"நான் எங்கம்மா நிக்கேன்?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இருந்தால் நன்றாயிருந்திருக்கும். சனிக்கிழமை பிளேயரை நீட்டியபோது பார்த்த அதே பார்வைதான்.

"டயர் வெட்டுனவன் திருப்பத்துல நிக்கணும்னு நீங்கதானப்பா சொன்னீங்க. எந்தத் திருப்பம்னு சொல்லல. அதான் எல்லாத் திருப்பத்துலயும் பாத்தேன்."